தோப்பின் பின்பக்க வடிகால்

என் கணவர் ஹொஹேபாவின் சவ வண்டி எங்கள் குலத்துக் கூட்டவீட்டு வாசலிலேயே சேற்றில் புதைந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு அழுகை ஒரு பங்கு, ஆத்திரம் மூன்று பங்கு. மனுஷன் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். வண்டியின் பின்சக்கரம் மோர் கடைகிற மாதிரி சேற்றைக் கடைகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஜனங்கள் கருப்பு உடுப்பெல்லாம் சேற்றுப் புள்ளியோடு நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் நெவில்தான், யாரும் கூப்பிடாமலே, டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி மாட்டி இழுத்துவிட்டார். வெள்ளைக்காரர், ஆனால் ஹொஹேபாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர். சங்கிலியைக் கழற்றும்போது அவர் கண்ணும் என் கண் மாதிரிதான் இருந்தது.

அந்தத் தலைக்குனிவை நான் மறக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், ஊருக்கே தெரியும். வருஷம் திரும்பி ஈஸ்டர் வாரத்தில் கல்லறைக்கல் திறப்பு வைப்பதாக முடிவானதும், கொழுந்தன் கெரேயாமாவைக் கூப்பிட்டேன். அவன்தான் வீட்டுக்குக் கடைசி. பொக்லைன் வைத்து ஊரெல்லாம் மண் வேலை செய்கிறான்.

"இங்க பாரு, கல் திறப்பு அன்னிக்கு ஒரே ஒரு கார் சேத்துல மாட்டட்டும், உன்னை நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

"அது சதுப்பு அண்ணி. சேறு இல்லாம பின்ன பாயசமா இருக்கும்?"

"ஊரான் வயலையெல்லாம் காய வைக்கத் தெரியுது, அண்ணன் வாசலைக் காய வைக்கத் தெரியலையா உனக்கு?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். நான் அதை அன்றோடு மறந்தேன். மகளுக்குப் பிரசவம் என்று பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறினேன்.

வாசலில் கார் நிறுத்துகிற புல்வெளி எங்கள் தோப்பை ஒட்டியது. தோப்பு என்றால் கஹிகாட்டேயா மரங்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். காலை எப்போதும் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்கும் மரம் அது. வேர் ஆழமாகப் போகாது. பக்கத்து மரத்து வேரோடு பின்னிக்கொண்டுதான் அந்தக் குழைசேற்றில் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு காலத்தில் இந்தச் சமவெளி முழுக்க அதுதான். கட்டையில் வாசனையே கிடையாது, அதனால் வெண்ணெய் அடைத்து அனுப்பப் பெட்டி செய்ய ஏற்றது என்று வெள்ளைக்காரர்கள் வெட்டித் தீர்த்தார்கள். பிறகு சதுப்பை வடித்து மாடு விட்டார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் ஆட்கள் கொடுக்க மாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டதால் இந்த ஒரு தோப்பு தப்பியது. அதற்குள்ளே, பெரிய மரத்தின் வேருக்கடியில் இருக்கிற மடுவில்தான் எங்கள் விலாங்கு மீன்கள். பெரிய விருந்து என்றால் மட்டும் பறி போடுவோம். எங்கள் பந்தியில் சாப்பிட்டவன் வேறு எதைப் பற்றிப் பேசுகிறானோ இல்லையோ, அந்த விலாங்கைப் பற்றிப் பேசாமல் போக மாட்டான்.

பிரிஸ்பேனிலிருந்து திரும்பி வந்தால் புல்வெளி கட்டாந்தரையாகக் கிடந்தது. செருப்போடு நடந்தேன், ஒரு பொட்டு ஈரம் ஒட்டவில்லை.

"பரவாயில்லையே, எப்படிடா?" என்றேன் கெரேயாமாவிடம்.

"வெயில் அண்ணி. இந்த வருஷம் கொளுத்திருச்சுல்ல."

வெயில் அடித்தது உண்மைதான். எனக்கும் அந்தப் பதில் சௌகரியமாக இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் வாரம் திங்கட்கிழமை பறி போடப் போனவர்கள் வெறும் கையோடு வந்தார்கள். மடுவே இல்லை. தண்ணீர் இருந்த இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, செத்த விலாங்கு ரெண்டு காய்ந்து வார் மாதிரி ஒட்டியிருக்கிறது என்றார்கள். கேட்டதும் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் மதெரோவா அக்கா உட்காரவில்லை, கொதித்தாள்.

"அந்த நெவில்தான். ஜனவரில எல்லை வாய்க்காலைத் தூர் வாரினானே, பாக்கலையா நீங்க? தண்ணி பூராவும் அவன் பக்கம் இறங்கிருச்சு. என் தம்பி பொணத்தை இழுத்துவிட்டான்னு தலையில தூக்கி வச்சீங்கல்ல, இப்ப அனுபவிங்க."

அக்கா வாயால் மட்டும் சொல்லி நிறுத்துகிறவள் இல்லை. நேரே வேலியோரம் போய் நின்று, நெவில் மாடு ஓட்டிவருகிற நேரம் பார்த்து, காது கொடுத்துக் கேட்க முடியாதபடி கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியாம நடந்துபோச்சு மதெரோவா. நான் சரி பண்றேன்," என்று மட்டும் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் சமையற்கட்டில் குடும்பம் கூடியது. கல் திறப்பில் கல்லை மூடியிருக்கிற துணியின் ஒரு முனையை நெவில்தான் பிடிக்க வேண்டும் என்று ஹொஹேபா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே சொல்லியிருந்தார். வாயைத் திறந்து அவர் கேட்ட கடைசி விஷயம் அது. அக்கா மேசையில் தட்டினாள்.

"அவன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அவனுக்கு நான் அழைப்புக் குரல் கொடுக்க மாட்டேன்."

எங்கள் வாசலில் அழைக்கிற பெண் குரல் கொடுக்காமல் விருந்தாளி உள்ளே வர முடியாது. அழைக்கிறவள் அக்காதான். அதோடு நெவிலுக்கு அழைப்பு இல்லை என்று முடிவானது. கெரேயாமா தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன் மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மனசு ஆறவில்லை. வியாழக்கிழமை காலை தோப்புக்குத் தனியாகப் போனேன். வேலி தாண்டும்போது வழக்கப்படி, நான் இன்னார், இன்னாருடைய மனைவி, இன்ன காரியமாக வருகிறேன் என்று உரக்கச் சொன்னேன். சொல்லாமல் யாரும் உள்ளே கால் வைப்பதில்லை. உச்சியில் பழம் சிவந்து கிடந்தது, புறாக்கள் தின்று தின்று கீழே கொட்டிக்கொண்டிருந்தன. ஆனால் ஆற்றுப்பக்கத்து மரங்களின் நுனி பழுத்து வெளிறியிருந்தது. தண்ணீர் நெவில் பக்கம் போயிருந்தால் நெவில் பக்கத்து மரமல்லவா முதலில் காயும்? மடுவிலிருந்து வெடித்த சேற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தரை நெவிலின் வேலியைப் பார்த்துச் சரியவில்லை, ஆற்றைப் பார்த்துச் சரிந்தது. முள்ளுப் புதரையும் சம்பங்கோரையையும் விலக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். அங்கே புதிதாக ஒரு வடிகால், என் இடுப்பாழம், நேரே ஆற்றுக்கு.

கரையில் பொக்லைன் பல் கீறிய தடம் காய்ந்து இறுகியிருந்தது. மூன்று கீறல், ஒரு இடைவெளி, மறுபடி ஒரு கீறல். கெரேயாமாவின் பொக்லைனில் ஒரு பல் உடைந்து போய், மாற்று மாற்று என்று நானே அவனை எத்தனையோ தடவை கிண்டல் பண்ணியிருக்கிறேன். பெரிய மரத்தின் வேர்கள் அந்தப் பக்கம் அறுந்து, வெள்ளை வெளேரென்று வெட்டுவாய் தெரிய நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு வேரைத் தொட்டுப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை. ஒரு வாசனையும் இல்லை.

கெரேயாமா வீட்டு முற்றத்தில் வண்டிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். என் முகத்தையும் காலில் ஒட்டிய முள்ளையும் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"தோப்புக்குப் பின்னால போனீங்களா அண்ணி?"

"போனேன். உன் ஓட்டைப் பல்லைப் பாத்துட்டு வரேன்."

அவன் கிரீஸ் டப்பாவை மூடினான், மறுபடி திறந்தான். "ஒரு அடிதான் வெட்டினேன். புல்வெளித் தண்ணி மட்டும் இறங்கட்டும்னு. தண்ணி அதை அறுத்துக்கிட்டே உள்ள போயிருச்சு. பத்து நாள் கழிச்சுப் பாத்தா மடு பாதி. அடைக்கலாம்னு வண்டியைக் கொண்டுபோனேன், கரை சரிஞ்சு வேரு மேலயே ஏறிருச்சு. பயந்துட்டேன்."

"பயந்துட்டு? நெவிலை அக்கா நாய் மாதிரி பேசினாளே, அப்ப உன் நாக்கை எங்க அடகு வச்சிருந்தே?"

"சனிக்கிழமை கல் திறப்புல நான் பேசணும் அண்ணி." அவன் குரல் கீழே இறங்கியது. "நம்ம பக்கம் பேசறவங்க பெஞ்சுல, அண்ணன் உக்காந்த இடத்துல, முதல் தடவையா உக்காரப் போறேன். ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஜனம் பூரா வருது. தோப்பைக் கொன்னவன்தான் அந்த பெஞ்சுல உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாங்க. அண்ணன் கல் அப்படியா திறக்கணும்? சனிக்கிழமை முடியட்டும். ஞாயித்துக்கிழமை நானே நெவில் கால்ல விழறேன். சத்தியமா."

அவனை அறைந்திருக்க வேண்டும். அறையத்தான் கை ஓங்கினேன். அந்த நேரம் பார்த்து சவ வண்டியின் பின்சக்கரம் கண் முன்னால் சுற்றியது. ஊரான் வயலையெல்லாம் காய வைக்கத் தெரியுது என்று நான் சொன்ன வார்த்தை அப்படியே திரும்பி வந்து காதில் விழுந்தது. அவனும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். கையை இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் நெவில் பண்ணைக்கு நடந்தேன். அவன் கேட்டதற்குச் சரி என்று நான் சொல்லவில்லை. போய் உண்மையைச் சொல்லத்தான் போனேன், நம்பினால் நம்புங்கள்.

நெவில் எல்லை வாய்க்காலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று மண்வெட்டியால் மண் தள்ளிக்கொண்டிருந்தார். மலைப்பக்கத்து ஓடை அந்த வாய்க்கால் வழியாகத்தான் அவர் வயலைத் தாண்டிப் போகும். அதைக் குறுக்கே அடைத்துவிட்டார். தண்ணீர் திரும்பித் தோப்புக்குள் பாயட்டும் என்று. அது பாதி தோப்புக்குள் போனது, பாதி அவர் புல்வெளியில் ஏறிக் குளமாக நின்றது. மாடுகள் ஒரு மேட்டில் ஒண்டிக்கொண்டு என்னைப் பார்த்தன.

"வா ரவினியா. டீ போடறேன்," என்றார். சேற்றுக் காலோடு வீட்டுக்குள் போகக் கூடாது என்று பூட்ஸை வாசலில் கழற்றினார். மனைவி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார், ஆனால் அந்த ஒழுங்கு போகவில்லை.

மேசையில் உட்கார்ந்தோம். கெட்டிப் பால் ஊற்றிய டீ, இஞ்சி பிஸ்கட். சொல்ல வாயைத் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"நாலு நாளா தண்ணி விடறேன், நிக்கவே மாட்டேங்குது. எங்க போகுதுன்னு புரியல. உள்ள போயி ஒரு நடை பாத்தா தெரிஞ்சுரும். உங்களைக் கேக்காம போகக் கூடாதுல்ல, அதான் வேலியோரமே நிக்கறேன். ஹொஹேபா இருந்தா வாடான்னு கூட்டிட்டுப் போயிருப்பான். நீ சொல்றியா, போய்ப் பாக்கட்டுமா?"

பிஸ்கட்டைத் தட்டில் வைத்தேன். அவர் உள்ளே போனால் ஐந்து நிமிஷத்தில் பார்த்துவிடுவார். நான் இவ்வளவு வருஷம் பேசிய பேச்சுக்கு, அந்த இடத்தில் ஒரு சொல் போதும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"இப்ப வேணாம் நெவில். கல் திறப்பு முடியட்டும். வீட்டுல எல்லாரும் கோவமா இருக்காங்க."

"அதுவும் சரிதான்." அவர் தலையாட்டினார். "நான் வரலைன்னு வருத்தப்படாத. மதெரோவா சொல்றதுல நியாயம் இருக்கு. நூறு வருஷமா எங்காளுங்க வடிச்சுக்கிட்டேதான் இருக்கோம். தூர் வாரும்போது ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கணும். அந்தத் துணியை மட்டும் யாராவது நல்லா இறுக்கிப் பிடிங்க, அன்னிக்குக் காத்து இருக்கும்னு ரேடியோவுல சொன்னான்."

நான் கோப்பையை நீட்டி இன்னொரு டீ கேட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டேன். அவர் ஊற்றினார், நான் குடித்தேன், எழுந்து வந்தேன். வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தேன், அந்தப் பால் ருசி போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை மழை. கல்லைச் சூடாக்கிச் சாப்பாட்டைப் புதைத்து வேகவைக்கிற மண்குழி அடுப்புக்குக் கல் பொறுக்கினோம், சர்க்கரைவள்ளி தோலெடுத்தோம், ரொட்டிக்கு மாவு பிசைந்தோம். விலாங்கு அடுத்த ஊர்க்காரர்களிடம் கேட்டு வாங்கியது. பந்தியில் வைக்கும்போது எங்களுடையது என்று சொல்லிவிடாதே என்று அக்கா எல்லாரையும் எச்சரித்தாள். சன்னல் வழியாகப் பார்த்தால் மழைக்குள் மஞ்சள் கோட்டு ஒன்று அந்த வாய்க்காலில் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. நான் வெங்காயம் நறுக்குகிற பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கே நின்றால் கண்ணைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

சனிக்கிழமை வானம் வெளுத்தது. கார்கள் வரிசையாக வந்து அந்தக் கட்டாந்தரையில் நின்றன. ஒன்றுகூட மாட்டவில்லை. குதிகால் செருப்பு போட்டவர்கள்கூட அலுங்காமல் நடந்து வந்தார்கள். "வாசல் எவ்வளவு சுத்தமா இருக்கு ரவினியா," என்று ஒருத்தி சொன்னாள்.

அக்கா குரல் கொடுத்தாள், விருந்தாளிகள் முற்றம் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு தொடங்கியது. முறை வந்ததும் கெரேயாமா எழுந்தான், அண்ணனுடைய கோட்டு, கையில் அண்ணனுடைய கைத்தடி. நன்றாகத்தான் பேசினான், பொய் சொல்லக் கூடாது. கூட்டவீட்டை வணங்கினான், செத்தவர்களைப் பேர் சொல்லி அழைத்தான், ஹொஹேபாவைப் பற்றிச் சொன்னபோது கிழவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜனம் எதிர்பார்க்கிறது என்று நினைத்தானோ, பயமோ, தோப்பைப் பார்த்துத் தடியை நீட்டினான்.

"எங்க அண்ணன் வளர்த்த மடு இன்னைக்கு வறண்டு கிடக்கு. உங்க தட்டுல எங்க விலாங்கு இல்ல. தண்ணியைத் திருடின கை எந்தக் கைன்னு எங்களுக்குத் தெரியும். பக்கத்துலயே இருந்து, கூடவே சாப்பிட்ட கை."

அக்கா பலமாகத் தலையாட்டினாள். அவன் பேச்சை முடித்து நின்றான்.

எங்களிடம் பேச்சு என்பது பேசி முடித்தால் முடிவதில்லை. பேசினவன் சார்ந்த பெண்கள் எழுந்து அவன் பக்கத்தில் நின்று பாட வேண்டும். சொன்னது அத்தனைக்கும் நாங்கள் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். பாட்டு வராத பேச்சு காற்றில் போன பேச்சு. எங்கள் பக்கத்தில் முதல் அடி எடுப்பவள் நான். பெண்கள் எல்லாரும் பாவாடையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை.

அக்கா முழங்கையால் இடித்தாள். "என்னாச்சு, எந்திரி." நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விருந்தாளிகள் பக்கம் இருமல் சத்தம் கேட்டது. கெரேயாமா முற்றத்தின் நடுவில் தனியாக நின்றான், கைத்தடியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினான், என்னைப் பார்த்தான். எனக்கு அவன் மேல் அப்படி ஒரு கோபம். கூடவே, வியாழக்கிழமை டீ குடித்தவள் இப்போது இங்கே உட்கார்ந்துகொண்டு அவனை நிறுத்தி வைத்திருக்கிறாளே என்று என் மேலும் அருவருப்பு. அவன் தடியைக் கீழே வைத்தான்.

"அந்தக் கை இதுதான்," என்று தன் கையைத் தூக்கினான். "தோப்புக்குப் பின்னால வடிகால் வெட்டினது நான். நெவில் இல்ல."

முற்றத்தில் ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. அக்காவுக்கு அது நினைவில் இல்லை. "யாருடா வெட்டச் சொன்னா உன்னை?"

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல அக்கா. நானாத்தான் வெட்டினேன்."

இப்போது நான் எழுந்து பாட வேண்டும். அவன் உண்மை சொல்லிவிட்டான், பாட்டு அவனுக்குச் சேர வேண்டியது. எழுந்தேன். ஆனால் அந்த உண்மைக்குள் எனக்காக ஒரு பொய்யையும் சேர்த்து வைத்து நிற்கிறான். அதற்கு நான் பொறுப்பு என்று எப்படிப் பாடுவது? முதல் அடியை எடுக்கவில்லை. அந்த முற்றத்தில் பெண் எழுந்து பேச்சுப் பேசுகிற வழக்கமும் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், நடந்தேன். பேச்சு நடக்கும்போது முற்றத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது, குழந்தைக்குக்கூடத் தெரியும். கடந்தேன். வாசலைத் தாண்டி, கார்களைத் தாண்டி, வேலி ஏறி, கருப்புப் பாவாடையோடு நெவிலின் சேற்றில் இறங்கினேன்.

அவர் மேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். காலடியில் ஒரு பசு சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. ராத்திரியே செத்திருக்க வேண்டும்.

"கெரேயாமா வெட்டினான்," என்றேன். மூச்சு வாங்கியது. "பின்னால, ஆத்துக்கு. வாசலைக் காய வைன்னு அவனைப் பிடுங்கினது நான். உங்க வாய்க்காலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல நெவில்."

அவர் பசுவைப் பார்த்தார், அடைத்த வாய்க்காலைப் பார்த்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை காலைலயா, சாயங்காலமா?"

"காலைல. உங்க வீட்டுக்கு வரதுக்கு முன்னாடி."

"உள்ள போய்ப் பாக்கட்டுமான்னு கேட்டேன்."

"ஆமா."

"இன்னொரு டீ கேட்டே நீ."

அவர் மண்வெட்டியைச் சேற்றில் குத்தி நிறுத்தினார். எங்கள் வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார், நான் பின்னாலேயே போனேன். வேலியருகே திரும்பினார். "ஹொஹேபாவுக்காக வரேன். அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ."

வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, சேறு காய்ந்த காலுறையோடு நின்றார். உள்ளே எல்லாரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், கெரேயாமா இன்னும் நடுவில் நின்றுகொண்டிருந்தான். அக்கா எழுந்தாள். அந்த ஒரு ஆளுக்காக, முழு அழைப்பும், ஒரு சொல் விடாமல் கொடுத்தாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, நிறுத்தவில்லை. கல்லறையில் காற்று பலமாகத்தான் அடித்தது. நெவில் துணியின் முனையை இறுக்கிப் பிடித்திருந்தார், எதிர் முனை என் கையில். துணி விலகி ஹொஹேபாவின் பெயர் தெரிந்த வரைக்கும் அவர் கல்லைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பந்திக்கு இருக்கவும் இல்லை.

திங்கட்கிழமை குடும்பம் மொத்தமும் மண்வெட்டியோடு தோப்புக்குப் போனோம். பொக்லைன் வேண்டாம், இன்னும் வேர் நசுங்கும் என்று கெரேயாமாவே சொன்னான். வெட்டின மண்ணையெல்லாம் கையாலேயே திரும்பப் போட்டு மிதித்தோம். வாசலைக் காய வைக்கச் சொல்லி அவனைப் பிடுங்கினது நான்தான் என்று அக்காவிடம் அங்கே வைத்துச் சொன்னேன். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள், வாங்கிக்கொண்டேன். கடைசி மண் போட்டதும் கெரேயாமா பக்கத்தில் நின்று, அவனுக்குச் சேர வேண்டிய அந்தப் பாட்டைப் பாடினேன். பெண்கள் கூடப் பாடினார்கள், சிலர் பாடவில்லை.

ஜூன் மழையில் மடு நிறைந்தது. விலாங்கு வருமா என்று தெரியாது. பெரிய மரத்தின் ஆற்றுப்பக்க உச்சி இன்னும் வெளிறித்தான் இருக்கிறது, பிழைத்ததா என்பது அடுத்த கோடையில்தான் தெரியும் என்கிறான் கெரேயாமா. புல்வெளி பழையபடி குழைசேறு.

அதில் போன வாரம் என் கார் மாட்டியது. நானும் கெரேயாமாவும் தள்ளிப் பார்த்தோம், முகமெல்லாம் சேறு தெறித்ததுதான் மிச்சம். அப்போது டிராக்டர் சத்தம் கேட்டது. நெவில் வந்து இறங்கினார், சங்கிலியை மாட்டினார், இழுத்துவிட்டார், கழற்றிச் சுருட்டினார். நான் அவர் பக்கத்தில் போனேன்.

"நெவில், உள்ள வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

அவர் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். தோப்பின் உச்சியை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"டீ மட்டும் வேணாம் ரவினியா," என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றேன், பூட்ஸுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.